அன்னிபாலும் சிப்பியோவும்: ஒத்த தலைவர் இருவர், ஒவ்வாத நாடுகள் இரண்டு



போர்க்களத்தில் எதிரெதிர் நின்ற படைத்தலைவர் எத்தனையோ பேர். அவருள் ஒருவன் வெல்வதும் ஒருவன் வீழ்வதும், வென்றவனை அவன் ஊர் தோளில் தூக்குவதும், வீழ்ந்தவனை உலகம் மறப்பதும் எங்கும் நிகழ்வன. ஆனால், வென்றவனும் வீழ்ந்தவனும் ஒரே அளவு பெருமை உடையவராய் வாழ்ந்து, ஒரே வகையில் தத்தம் நாட்டாரால் புறந்தள்ளப்பட்டு, ஏறத்தாழ ஒரே ஆண்டில், பிறந்த ஊருக்கு அயலே கண்மூடிய செய்தி வரலாற்றில் மிக அரிது. அவ்வாறு வாழ்ந்து முடிந்தவர் இருவர். ஒருவன் கார்த்தேசின் அன்னிபால். மற்றொருவன் உரோமின் சிப்பியோ.

இவ்விருவருள் பெரியவன் யார் என்னும் வினாவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் கேட்டு வருகின்றது. அவ்வினாவினும் பெரிய வினா ஒன்றுண்டு. தலைவர் இருவரும் ஒத்தவராயிருந்தும் ஒரு நகரம் பேரரசாகவும், மற்றொரு நகரம் சாம்பல் மேடாகவும் ஆனது எதனால்? இவ்வுரை அவ்வினாவைப் பற்றியது.

இரண்டு நகரங்கள்

ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய துனீசிய நாட்டில் இருந்தது கார்த்தேசு. கிழக்கே பினீசிய நாட்டுத் தீர் நகரத்திலிருந்து கலமேறி வந்தவர்கள் அமைத்த குடியேற்றம் அது. கடல் அதற்கு வயல். வாணிகம் அதற்கு உழவு. அதன் மக்கள் பேசியது பினீசிய மொழியின் கிளையாகிய பூனிக்க மொழி. கடலுக்கு அப்பால் இத்தாலியில் இருந்தது உரோம். உழுத கையே வாளையும் பிடித்த ஊர் அது.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே கி.மு. 264-இல் மூண்ட முதற்போர் 23 ஆண்டுகள் நீண்டது. கி.மு. 241-இல் கார்த்தேசு தோற்றது. சிசிலித் தீவை இழந்தது. 3,200 தாலந்து வெள்ளி தண்டத்தொகை கட்ட ஒப்பியது. கூலிப்படையினர்க்கு ஊதியம் தர முடியாமல் அவர்களுடனேயே அந்நகரம் போரிட நேர்ந்தபோது, அந்த இக்கட்டைப் பயன்படுத்திக்கொண்டு உரோம் சார்தினியத் தீவையும் பறித்தது; அதன்மேல் இன்னும் 1,200 தாலந்து கேட்டது. வலியவன் எழுதிய உடன்படிக்கையை வலியவனே மீறினான். அடுத்த போருக்கு வித்து அன்றே ஊன்றப்பட்டது.

இரண்டு சூளுரைகள்

முதற்போரில் சிசிலியில் தோல்வியறியாது நின்ற படைத்தலைவன் அமில்கார் பார்க்கா. பார்க்கா என்னும் பூனிக்கச் சொல்லுக்கு மின்னல் என்பது பொருள். அவன் மகன் அன்னிபால் கி.மு. 247-இல் பிறந்தான். பால் என்னும் தெய்வத்தின் அருள் பெற்றவன் என்பது அப்பெயரின் பொருள். அமில்கார் எசுப்பானியத்துக்குப் புறப்பட்ட கி.மு. 237-இல் அச்சிறுவனுக்கு அகவை ஒன்பது. தானும் வருவேன் என்றான் சிறுவன். தந்தை அவனைத் தெய்வமேடைக்கு அழைத்துச் சென்று, காவுப்பொருள்மேல் அவன் கையை வைத்து, உரோமுக்கு ஒருநாளும் நண்பனாகேன் என்று சூளுரைக்கச் செய்தான். அன்னிபால் தன் முதுமையில், நாடிழந்து நின்ற காலத்தில், அந்தியோக்கசு மன்னனிடம் இதனைத் தன் வாயாலேயே கூறினான்.

சிப்பியோ அவனுக்குப் பத்தாண்டுக்கு மேல் இளையவன், கி.மு. 236-ஐ ஒட்டிப் பிறந்தவன். கி.மு. 218-இல் அன்னிபால் இத்தாலிக்குள் இறங்கியபோது முதலில் எதிர்த்து நின்றவன் சிப்பியோவின் தந்தையே. திசினசு ஆற்றங்கரையில் தந்தை புண்பட்டுப் பகைவரால் சூழப்பட்டபோது, அகவை 17 நிரம்பிய மகன் தனியே குதிரையை முடுக்கிப் பாய்ந்து அவனைக் காத்தான் என்று சிப்பியோவின் உயிர்நண்பன் இலேலியசு கூறியிருக்கின்றான்.

இரண்டாண்டு கழித்துக் கன்னைக் களத்தில் உரோமின் பெரும்படை அழிந்தது. தப்பியோடிக் கனூசியத்தில் ஒதுங்கியவருள் சிப்பியோவும் ஒருவன். அங்கே உயர்குடி இளைஞர் சிலர், நாடு தொலைந்தது, இனிக் கடல்கடந்து ஓடி அயல்மன்னரிடம் பிழைப்போம் என்று கூடிப் பேசினர். இளைஞன் சிப்பியோ உருவிய வாளுடன் அவ்விடத்துள் புகுந்தான். நாட்டைக் கைவிடேன், கைவிடுவாரை விடேன் என்று தானும் சூளுரைத்து, அங்கிருந்தார் ஒவ்வொருவரையும் அதே சூளை உரைக்கச் செய்தான்.

ஒருவன் தெய்வமேடையில் தந்தை சொல்லச் சூளுரைத்தான். மற்றொருவன் தோற்ற பாசறையில் தானே சூளுரைத்தான். இருவரும் தாம் உரைத்த சொல்லை மீறவில்லை.

இரண்டு களங்கள்

அமில்கார் எசுப்பானியத்தில் இறந்தபின் அவன் மருமகன் அசுதுரூபல் தலைமை ஏற்றுப் புதுக்கார்த்தேசு நகரை அமைத்தான். அவனும் கி.மு. 221-இல் கொலையுண்டபோது படையினர் ஒருமுகமாய் அன்னிபாலைத் தலைவனாக்கினர். அகவை 26. கி.மு. 219-இல் எட்டுத் திங்கள் முற்றுகையிட்டுச் சகுந்தம் நகரைக் கைப்பற்றினான். போர் மூண்டது. கடலை உரோமின் கலங்கள் காத்தன; ஆதலின் அவன் மலைவழியைத் தேர்ந்தான். உரோன் ஆற்றைக் கடந்தபோது அவனிடம் 38,000 காலாட்களும் 8,000 குதிரை மறவரும் இருந்தனர். 37 யானைகளும் உடன் வந்தன. ஆல்ப்சு மலையைக் கடக்க 15 நாள் ஆயிற்று. பனியும் பள்ளமும் மலைவாழ் குடிகளின் கல்மழையும் தின்றவை போக, இத்தாலியச் சமவெளியில் இறங்கியவர் 20,000 காலாட்களும் 6,000 குதிரை மறவருமே. அச்சிறு படையை வைத்துக்கொண்டு, தானே ஒரு பெரும் பாசறையாக இருந்த நாட்டை எதிர்த்து அவன் நின்றான்.

கி.மு. 218-இல் திரேபியா, 217-இல் திராசிமீன் ஏரி, 216-இல் கன்னை என மூன்று ஆண்டில் மூன்று பெருவெற்றி கண்டான். கன்னையில் உரோமின் காலாட்கள் ஏறத்தாழ 80,000. அன்னிபாலின் காலாட்கள் 40,000. அவன் தன் நடுவணியைப் பிறைபோல் முன்னே வளைத்து நிறுத்தினான். உரோமர் அதனை நெருக்கி உள்ளே தள்ளத் தள்ள, இருபுறமும் நின்ற ஆப்பிரிக்க அணிகள் கதவுபோல் மூடின. பகைவரின் குதிரைப்படையை ஓட்டிவிட்டுத் திரும்பிய அவன் குதிரைப்படை பின்புறத்தை அடைத்தது. ஒரு பகற்பொழுதில் மாண்ட உரோமர் 48,000-க்கு மேல் என்கின்றார் இலிவி. போலிபியசோ 70,000 என்கின்றார். சிறுபடை பெரும்படையைச் சூழ்ந்தழித்த அந்த அணிவகுப்பைப் போர்க்கலை பயில்வோர் இன்றும் கற்கின்றனர்.

அதனை முதலிற் கற்றவன் அக்களத்தில் தோற்றுத் தப்பிய சிப்பியோவே. கி.மு. 211-இல் அவன் தந்தையும் தந்தையின் உடன்பிறந்தானும் எசுப்பானியத்தில் போரிட்டு மாண்டனர். மறு ஆண்டு, அகவை 25-ஐ ஒட்டிய நிலையில், அவர்கள் மாண்ட மண்ணுக்கே தலைவனாய்ச் சென்றான் சிப்பியோ. கி.மு. 209-இல், நீர் வற்றிய கழியின் வழியே மறவரை நடத்திப் புதுக்கார்த்தேசை ஒரே நாளில் பிடித்தான். அங்கே பிணையாக வைக்கப்பட்டிருந்த எசுப்பானியக் குடித்தலைவர்களின் மக்களைப் பரிசளித்து வீட்டுக்கு அனுப்பினான். வாளால் பெறாத துணையை அருளால் பெற்றான். கி.மு. 206-இல் இலிப்பாக் களத்தில் தன் வலிய அணிகளை ஓரங்களில் நிறுத்திப் பகைவனை இருபுறமும் மடக்கினான். கன்னையில் உரோமர் சிந்திய குருதி வீண்போகவில்லை. பகைவனையே ஆசானாகக் கொள்ளும் அறிவு அத்தோல்வியிலிருந்து பிறந்தது.

படையை ஆண்ட திறத்திலும் இருவரையும் ஒப்பிடலாம். ஆப்பிரிக்கர், எசுப்பானியர், இலிகூரியர், கெல்தியர், இத்தாலியர், கிரேக்கர் என்று மொழியாலும் பழக்கத்தாலும் வேறுபட்டவரைப் பதினைந்து ஆண்டுக்கு மேல் அயல்மண்ணில் நடத்தியும், அன்னிபாலுக்கு எதிராக அவன் படை ஒருமுறையும் கலகம் செய்ததில்லை. இதனைப் போலிபியசே வியந்து எழுதுகின்றார். சிப்பியோவின் படையிலோ கி.மு. 206-இல், அவன் நோயுற்றிருந்தபோது, சுக்ரோப் பாசறையில் ஊதியம் வரவில்லையென்று 8,000 பேர் கலகம் செய்தனர். அவன் தலைவர்களை மட்டும் ஒறுத்து, மற்றவரை மன்னித்து, நிலுவையைக் கொடுத்து அமைதிப்படுத்தினான். தலைமைத் திறத்தில் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று துணிந்து கூறுதல் எளிதன்று.

பின்னே நின்றவர்கள்

களத்தில் ஒத்திருந்த இருவரின் பின்னே நின்ற மக்கள் ஒத்திருக்கவில்லை. நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி இதுவே.

கன்னைத் தோல்விக்குப் பின் உரோமில் அழுகுரல் கேளாத வீடு இல்லை. எனினும் மூதவை, துயர் காக்கும் நாளை முப்பதாகக் குறைத்தது. சிறைப்பட்ட தம் மறவரைப் பொன் கொடுத்து மீட்கலாம் என்று அன்னிபால் சொல்லியனுப்பியபோது மறுத்தது. 8,000 அடிமைகளை அரசுப் பணத்தில் வாங்கி, அவர் கையில் வாளைக் கொடுத்தது. தோற்ற தலைவன் வார்ரோ எஞ்சிய படையுடன் ஊர் திரும்பியபோது, அவனைத் தூற்றாமல், நாட்டின்மேல் நம்பிக்கை இழக்கவில்லை என்பதற்காக நன்றி கூறியது. சாய்ந்த மரத்தில் ஆளாளுக்கு ஒரு கிளை வெட்டும் மக்களாக அவர்கள் இருந்திருந்தால் உரோம் அன்றே முடிந்திருக்கும்.

அதே வேளையில் கார்த்தேசில் நிகழ்ந்தது என்ன? அன்னிபாலின் தம்பி மாகோ ஊருக்கு வந்து, மாண்ட உரோம உயர்குடியினர் விரல்களிலிருந்து கழற்றிய பொற்கணையாழிகளை மூதவையின் வாயிலில் குவியலாகக் கொட்டினான். ஆளும் பொருளும் உணவும் வேண்டுமென்றான். பார்க்கா குடியின் பகைவனான அன்னோ எழுந்து, வென்றவனுக்கு உதவி எதற்கு என்று எள்ளினான். அதனோடு, உரோமிலிருந்து ஒருவனேனும் நம் பக்கம் வந்தானா, இலத்தீன் ஊர்களில் ஒன்றேனும் பிரிந்ததா, அவர்கள் அமைதி கேட்டு ஆளனுப்பினார்களா என்றும் கேட்டான். இல்லை என்பதே மாகோவின் விடை. அன்னோவின் உள்ளத்தில் பொறாமை இருந்திருக்கலாம். ஆனால் அவன் வினாக்களில் உண்மை இருந்தது. தோற்ற பின்னும் பிரியாத மக்களை வெல்ல முடியாது.

அவையினர் 4,000 நுமிதியக் குதிரை மறவரையும் 40 யானைகளையும் அனுப்ப ஒப்பினர். இத்தாலிக்கென்று திரட்டிய பெரும்படைகளோ எசுப்பானியத்துக்கும் சார்தினியாவுக்கும் திருப்பிவிடப்பட்டன. வெள்ளிச் சுரங்கமும் வாணிகத் தீவும் அவர்களுக்கு முதலாகத் தோன்றின. மலை கடந்து சென்ற மைந்தன் அவற்றுக்குப் பின்னே தோன்றினான். கி.மு. 207-இல் அவன் மற்றொரு தம்பி அசுதுரூபல் துணைப்படையுடன் ஆல்ப்சைக் கடந்து வந்தான். மெத்தோரசு ஆற்றங்கரையில் மாண்டான். அவன் தலையை உரோமர் அன்னிபாலின் பாசறை முன் எறிந்தனர். கார்த்தேசின் ஊழ் தன் கண்ணெதிரே கிடப்பதை அன்னிபால் கண்டான்.

ஆயினும் கார்த்தேசை மட்டும் குறைகூறி உரோமை முழுதும் போற்றுதல் நடுநிலை ஆகாது. சிப்பியோ ஆப்பிரிக்காவுக்குச் செல்ல விரும்பியபோது முதியவன் பேபியசு தடுத்தான். புதுப்படை திரட்ட மூதவை இசையவில்லை. ஆனால் இத்தாலிய ஊர்கள் கொடுத்தன. எத்துரூரிய நகரங்கள் இரும்பும் கூலமும் பாய்த்துணியும் மரமும் கொடுத்தன. ஏறத்தாழ 7,000 பேர் தாமே முன்வந்து அவனுடன் சென்றனர். மூதவை தயங்கியபோது மக்கள் தயங்கவில்லை. அன்னிபாலுக்குக் கிட்டாத பேறு அது.

சாமா

கி.மு. 204-இல் சிப்பியோ ஆப்பிரிக்கக் கரையில் இறங்கினான். மறு ஆண்டு கார்த்தேசு அன்னிபாலைத் திரும்ப அழைத்தது. ஒரு பெருங்களத்திலும் தன்னை வெல்ல முடியாத இத்தாலியை, அழைப்பு வந்ததால் விட்டு நீங்கினான் அன்னிபால். ஒன்பது அகவையில் நீங்கிய தாய்மண்ணை 45-ஆம் அகவையை ஒட்டி மீண்டும் மிதித்தான்.

கி.மு. 202-இல் சாமாக் களத்துக்கு முன்னாள் இருவரும் தனியே சந்தித்தனர். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் மட்டுமே நின்றனர். ஊழ் மாறும், வென்றவிடத்தே நின்றுகொள் என்றான் மூத்தவன். வந்த வேலையை முடிக்காது மீளேன் என்றான் இளையவன்.

மறுநாள் அன்னிபால் 80 யானைகளை முன்னே விட்டான். சிப்பியோ தன் அணிகளுக்கிடையே நேர்தெருக்கள் போல் வழிவிட்டு, யானைகளை அவ்வழியே ஓடவிட்டான். காலாட்போர் நெடுநேரம் துலைபோல் நின்றது. இறுதியில் இலேலியசும் மாசினிசாவும் நடத்திய குதிரைப்படை திரும்பிவந்து அன்னிபாலின் பின்புறத்தைத் தாக்கியது. கன்னையில் அன்னிபால் செய்தது சாமாவில் அன்னிபாலுக்கே செய்யப்பட்டது. அக்குதிரைகளை நடத்திய நுமிதிய மன்னன் மாசினிசா முன்பு எசுப்பானியத்தில் கார்த்தேசின் பக்கம் நின்று போரிட்டவன். கன்னையில் வெற்றி தேடித் தந்த நுமிதியக் குதிரை, சாமாவில் பகைவன் கையில் இருந்தது. துணைவரைக் காத்துக்கொள்ளத் தெரியாத நாட்டுக்குத் துணைவரே முடிவாவர்.

கி.மு. 201-இல் உடன்படிக்கை. 50 ஆண்டுகளில் 10,000 தாலந்து வெள்ளி, பத்து நீங்கலாகப் போர்க்கலங்கள் எல்லாம், யானைகள் எல்லாம், உரோமின் இசைவின்றிப் போர் தொடுக்கும் உரிமை இல்லை. முதல் தவணைக்குப் பணம் திரட்டும்போது கார்த்தேசின் மூதவையில் அழுகை எழுந்தது. அன்னிபால் சிரித்தான். கலங்கள் எரிந்தபோதும் படைக்கலம் பறிபோனபோதும் அழாதவர்கள் தம் பணப்பைக்கு அழுகின்றார்களே என்பது அச்சிரிப்பின் பொருள் என்று இலிவி எழுதுகின்றார்.

நாடுகள் காட்டிய நன்றி

தோற்றபின் அன்னிபால் ஊரிலேயே இருந்தான். கி.மு. 196-இல் ஆட்சித்தலைவனாகத் தேர்வு பெற்றான். வாழ்நாள் முழுதும் அமர்ந்திருந்த முறைமன்றத்தாரை ஆண்டுதோறும் தேர்வு பெறுவோராக மாற்றினான். அரசு வருவாயின் கணக்கைத் தோண்டினான். செல்வர் சுருட்டியதைத் திருப்பிப் பெற்றால், மக்கள்மேல் புதுவரி போடாமலே உரோமுக்குக் கட்டலாம் என்று காட்டினான். கி.மு. 191-இல் எஞ்சிய தொகை முழுவதையும் ஒருசேரக் கட்ட முன்வரும் அளவுக்குக் கார்த்தேசு தழைத்தது. களத்தில் காத்ததினும் கணக்கில் அவன் காத்தது பெரிது.

ஆனால் கை பிடிபட்ட செல்வர் உரோமுக்கு எழுதினர்: அன்னிபால் அந்தியோக்கசுடன் சூழ்ச்சி செய்கின்றான் என்றனர். தன் நாட்டானைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும் இரண்டகம் அது. அப்போது உரோமின் மூதவையில், இவ்வூர்ப்பூசலில் தலையிடுதல் உரோமின் பெருமைக்கு இழுக்கு என்று எதிர்த்துப் பேசியவன் ஒருவன் இருந்தான். அவன் சிப்பியோ! அன்னிபாலைக் கார்த்தேசின் செல்வர் காட்டிக்கொடுத்தபோது, அவனை வென்ற பகைவன் அவனுக்காகப் பேசினான். மூதவை அதனைக் கேளாமல் ஆளனுப்பியது. கி.மு. 195-இல் அன்னிபால் இரவோடு இரவாக நாட்டை விட்டு நீங்கினான்.

பின்னர் எபேசு நகரில் இருவரும் சந்தித்தனர் என்று பழைய நூலோர் கூறுவர். உலகின் சிறந்த படைத்தலைவர் யாவர் என்று சிப்பியோ கேட்டான். முதல்வன் அலெக்சாந்தர், இரண்டாமவன் பிர்ரசு, மூன்றாமவன் நானே என்றான் அன்னிபால். என்னையும் வென்றிருந்தால் என்று சிப்பியோ நகைத்துக் கேட்க, அப்போது அனைவர்க்கும் மேலாக என்னை வைத்திருப்பேன் என்றான். பகைவனைப் போற்றும் முறையிலும் அவன் படைத்தலைவனாகவே நின்றான்.

வென்ற சிப்பியோவின் நிலை என்ன? கி.மு. 187-ஐ ஒட்டி, அந்தியோக்கசு கொடுத்த 500 தாலந்துக்குக் கணக்கு எங்கே என்று அவன் உடன்பிறந்தானை மூதவையில் கேட்டனர். அவ்வினாவுக்குப் பின்னே நின்றவன் கேட்டோ. சிப்பியோ கணக்கேட்டைக் கொணரச் செய்து, அவையின் நடுவே தன் கையாலேயே கிழித்தெறிந்தான். பின்னர் வழக்குக்கு அழைத்தபோது அந்நாள் சாமா வெற்றியின் நினைவுநாளாக அமைந்தது. தெய்வங்களுக்கு நன்றி கூற வாருங்கள் என்று அவன் நடக்க, கூட்டம் முழுதும் அவன் பின் நடந்தது. வழக்குத் தொடுத்தோர் தனியே நின்றனர். ஆனால் அப்பெருமை ஒருநாளே நீடித்தது. அவன் உரோமை நீங்கி, கம்பானியக் கரையில் இலிதெர்னம் என்னும் சிற்றூரில் ஒதுங்கினான். தன் எலும்பும் நன்றிகெட்ட அந்நகருக்குக் கிட்டலாகாது என்று சொல்லி, அங்கேயே மறைந்தான்.

ஏறத்தாழ அதே காலத்தில், கி.மு. 183-ஐ ஒட்டி, பிதினிய நாட்டு இலிபிசாவில் அன்னிபாலின் வீட்டை ஆள் சூழ்ந்தது. அடைக்கலம் தந்த மன்னன் பிரூசியாசு உரோமின் அச்சத்தால் கைவிட்டான். எழுவாயில்கள் வைத்த வீட்டில் ஒரு வாயிலும் திறந்திருக்கவில்லை. ஒன்பது அகவையில் உரைத்த சூளைக் காத்தவன், பகைவன் கையில் அகப்படாது நஞ்சுண்டு முடிந்தான்.

யார் எழுதிய வரலாறு?

இதுவரை இருவர் வாழ்வும் இணையாகவே வந்தன. இருவர்க்கும் நாடு நன்றி மறந்தது. ஆனால் அவர்க்குப் பின் வந்ததில்தான் பெரும்பிளவு நேர்ந்தது.

உரோமுக்குத் தண்டத்தொகை கட்டி முடித்த ஐந்தாம் ஆண்டில், கி.மு. 146-இல், கார்த்தேசு எரிக்கப்பட்டது. எரித்த படையின் தலைவன் சிப்பியோவின் மகனுக்கு மகன்மை கொண்ட இளைய சிப்பியோ. எஞ்சிய 50,000 பேர் உயிர்ப்பிச்சை கேட்டு வெளியே வந்தனர்; அடிமைகளாயினர். நகரத்து நூற்கூடங்கள் ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. ஒன்றை மட்டும் உரோம் தனக்கென்று எடுத்துக்கொண்டது. மாகோ என்பான் 28 பகுதிகளாக எழுதிய உழவு நூல் அது. மூதவையின் ஆணையால் அஃது இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. ஒரு மக்களின் வரலாறும் பாட்டும் வேண்டாவாம். அவர்களின் நிலத்தை உழும் முறை மட்டும் வேண்டுமாம்!

பூனிக்க மொழி உடனே இறந்துவிடவில்லை. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஆப்பிரிக்க நாட்டுப்புறங்களில் உழவர் அதனைப் பேசினர். அகசுதீனார் அதனைக் குறித்திருக்கின்றார். ஆயிரக்கணக்கான நேர்த்திக்கடன் கற்களில் அவ்வெழுத்து இன்றும் உண்டு. ஆனால் அன்னிபாலைப் பற்றி அவன் மொழியில் எழுதிய ஒரு நூலும் எஞ்சவில்லை. அவன் வாழ்ந்த நாளிலேயே அவனுடன் இருந்து அவன் செயல்களை எழுதிய சைலெனசும் சோசிலசும் கிரேக்கர், கிரேக்கத்தில் எழுதினர், அவையும் அழிந்தன. அன்னிபாலே நூல் எழுதியிருக்கின்றான். அதுவும் கிரேக்கத்திலேயே!

உரோமரும் தொடக்கத்தில் கிரேக்கத்திலேயே வரலாறு எழுதினர். சிப்பியோவும் தன் புதுக்கார்த்தேசு வெற்றியைப் பற்றி மாசிதோனிய மன்னனுக்குக் கிரேக்கத்தில் மடல் வரைந்தான். அந்நிலையை மாற்றியவன் கேட்டோ. சிப்பியோவை ஊரைவிட்டு ஓட்டியவனும், கார்த்தேசு அழிய வேண்டும் என்று ஓயாது முழங்கியவனும் அவனே. ஆயினும் தன் மொழியில், இலத்தீன் உரைநடையில், முதன்முதல் வரலாற்று நூல் எழுதியவனும் அவனே. அதில் படைத்தலைவர் எவர் பெயரையும் அவன் குறிக்கவில்லை. போரை மக்களின் செயலாகவே எழுதினான். ஆனால் கார்த்தேசுப் படையில் மறத்தோடு போரிட்ட, ஒரு கொம்பு முறிந்த யானையின் பெயர் சூரசு என்று எழுதிவைத்தான். பகைவரின் யானைக்கும் இலத்தீனில் பெயர் நின்றது. கார்த்தேசின் மறவர்களுக்கு அவர்கள் மொழியில் பெயர் நிற்கவில்லை.

இத்தாலியின் தென்கோடியில், இலாசினியத் தெய்வக் கோயிலில், நாடு திரும்புமுன் அன்னிபால் தன் செயல்களைப் பொறித்து வைத்தான். பூனிக்கம், கிரேக்கம் என்னும் இரு மொழியிலும் அஃது இருந்தது. அதனைப் போலிபியசு தம் கண்ணால் கண்டு, படையின் தொகையை அதிலிருந்து எடுத்தெழுதினார். மலை கடந்து இறங்கியவர் 20,000 காலாட்கள், 6,000 குதிரை மறவர் என்று முன்னே கூறிய எண்கள் அதிலிருந்து வந்தவையே. இன்று அப்பொறிப்பு இல்லை. அன்னிபால் அங்கே பொறித்தவற்றுள் எஞ்சியவை அத்தகைய எண்களே. அவையும் தன் பகைவனின் பேரனுக்கு நண்பராயிருந்தவர் நூலில் உள்ளன. பூனிக்க மொழியின் நீண்ட பேச்சுத் தொடர் ஒன்று உரோம நூல்களில் உண்டு. அது பிளாத்தசு எழுதிய நகைச்சுவை நாடகத்தில், மேடையில் சிரிப்பு மூட்டுவதற்காக இலத்தீன் எழுத்தில் வைத்த பேச்சு.

இருவர் வாழ்வும் கூறுவது

சிப்பியோவின் இலிதெர்ன வீட்டில் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தங்கிய செனேக்கா, அதன் இருண்ட சிறு குளியலறையைக் கண்டு, கார்த்தேசை நடுங்க வைத்தவன் குளித்த இடம் இதுவோ என்று உருகி மடல் எழுதினார். நாடு நன்றி மறந்தாலும் மொழி மறக்கவில்லை. அன்னிபாலுக்கோ நாடும் இல்லை. நினைவைத் தாங்கி நின்ற நூலும் இல்லை. ஆயினும் பகைவர் எழுதிய ஏட்டிலேயே மறைக்க முடியாத பெருமையுடன் அவன் நிற்கின்றான். அவன் பெருமைக்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை.

இருவருள் யார் பெரியவன் என்னும் வினாவுக்கு விடை காண்பது அரிது. சாமாவில் இளையவன் வென்றான். மூத்தவனிடம் கற்றே வென்றான். ஆனால் எந்த மக்கள் நிலைத்தனர் என்னும் வினாவுக்கு விடை தெளிவு. தலைவன் களத்தை வெல்வான். நாட்டை நிலைநிறுத்துவோர் மக்கள். தோல்வி வந்த அன்று பிரியாமல் நின்றவர்களின் நகரம் நின்றது. வெற்றி வந்த அன்றே கணக்குப் பார்த்தவர்களின் நகரம் வீழ்ந்தது. வாளைக் கூலிக்கு வாங்கலாம். சில வேளை அக்கூலிவாள் பிறந்த மகனினும் உண்மையாக நிற்கும். ஆனால் உறுதியைக் கூலிக்கு வாங்க முடியாது. தன் செய்தியைத் தன் மொழியில் எழுதிவைக்கும் கடமையையும் அயலார்க்குக் கூலிக்கு விட முடியாது.

அன்னிபாலைப் போன்ற மைந்தனைப் பெறுவது ஒரு நாட்டின் பேறு. அவன் வாழும்போதே அவன் பின்னே நிற்பதும், அவன் மறைந்தபின் அவன் பெயரைத் தன் மொழியில் காப்பதும் அந்நாட்டின் கடன். கார்த்தேசு பேற்றைப் பெற்றது; கடனைச் செலுத்தவில்லை. செலுத்தாத அக்கடனின் விலை அந்நகரமே!